வரம்புள்ள மின்னூட்டக் கோட்டின் மின்புலம்

இரு முனைகள் உள்ள நேர்க்கோட்டில் மின்னூட்டம் சீராகப் பரவியிருந்தால் அதை வரம்புள்ள மின்னூட்டக் கோடு என்பர். தமிழ்நாட்டின் பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் பாடநூல், முடிவிலா நீளமுள்ள கம்பியின் மின்புலத்தைக் காஸ் விதியால் வருவிக்கிறது. முனைகள் வந்துவிட்டால் அந்தக் குறுக்குவழி அடைபடும். கம்பியைச் சூழ்ந்த உருளைப் பரப்பெங்கும் புலம் ஒரே அளவாக இராது. கோட்டை நுண்துண்டுகளாக்கி, ஒவ்வொன்றுக்கும் கூலூம் விதியைப் போட்டு, திசையையும் கருதித் தொகையிட வேண்டும்.

இங்கே நீளத்தைவிடக் கோணத்தை மாறியாகக் கொள்வதே சிறந்த வழி. புலம் காண வேண்டிய புள்ளியிலிருந்து கோட்டுக்கு ஒரு செங்குத்து வரைந்து, அதிலிருந்து கோணத்தை அளக்க வேண்டும். தள்ளியிருக்கும் துண்டின் புலம் தொலைவின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைகிறது. அதே சிறு கோணத்துக்குள் அடங்கும் நீளமோ அதே வீதத்தில் கூடுகிறது. இரண்டும் மிச்சமின்றி ஈடாகிவிடுவதால் தொகையிடல் மிக எளிதாகிறது. கூலூம் மாறிலியை நீள் மின்னூட்ட அடர்த்தியால் பெருக்கிச் செங்குத்துத் தொலைவால் வகுத்தால் வரும் எண்ணே அடிப்படை. புள்ளி இரு முனைகளுக்கு இடைப்பட்டிருந்தால், இந்த எண்ணை முனைக்கோணங்களின் சைன் கூடுதலால் பெருக்கச் செங்குத்துக் கூறு கிடைக்கும். கொசைன்களின் வேறுபாட்டால் பெருக்க இணைக் கூறு கிடைக்கும். மொத்தப் புலத்தின் திசை, கோடு அப்புள்ளியில் தாங்கும் கோணத்தை எப்போதும் சமமாக வெட்டும்.

அரக்கோணம்–ரேணிகுண்டா பாதையில் உள்ள திருத்தணி நிலையத்தின் மேல்நிலை மின்கம்பி 25,000 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மாறுமின்னோட்டத்தில் இயங்குகிறது. அத்தகைய கம்பியில் ஒரு கணத்தில் மீட்டருக்கு 0.2 மைக்ரோகூலூம் இருப்பதாகக் கொள்வோம். கம்பி முடிவிலாதது என்றால், 6 மீட்டர் தள்ளிப் புலம் மீட்டருக்கு 600 வோல்ட். நடுப்புள்ளிக்கு நேரே நின்று 100 மீட்டர் துண்டை மட்டும் கணக்கிட்டாலே 596 வந்துவிடும். 12 மீட்டர் துண்டு 424 தரும்; 6 மீட்டர் துண்டு 268தான் தரும். ஒருபுறம் மட்டும் முடிவின்றி நீளும் கம்பியின் முனைக்கு நேரே செங்குத்துக் கூறும் இணைக் கூறும் தலா 300. புலம் 45 பாகை சாய்ந்து நிற்கும். இவ்வெண்களை மாணவர்கள் ஒருமுறையாவது கையால் போட்டுப் பார்க்க வேண்டும். முடிவிலாக் கம்பி வெறும் கற்பனை அன்று, நெருங்கி நிற்பவருக்கு நல்ல தோராயம் என்பது அப்போது விளங்கும்.

ரயில் பாதையில் நிலமும் கணக்கில் சேரும். தரைக்குக் கீழே, கம்பியின் உயரத்துக்குச் சமமான ஆழத்தில் எதிர்க்குறி மின்னூட்டமுள்ள பிம்பக் கம்பி இருப்பதாகக் கொண்டால், கம்பிக்கு நேர்கீழே தரைமட்டத்தில் புலம் இருமடங்காகும்.

கோட்டின் நீளத்தைவிட மிகத் தொலைவில் அது புள்ளி மின்னூட்டம்போலவே நடக்கும். தனித்து நிற்கும் கடத்திக் கம்பியில் மின்னூட்டம் முனைகளில் மிகுந்து சேரும் என்பதால், இவ்வாய்பாடுகள் அதற்கு அப்படியே பொருந்தா.