மதுவம் காட்டிய வழி



பாண் சுடுவோர் மாவைப் பொங்கச் செய்தற்குச் சேர்க்கும் மதுவத்தை அறியாதார் இலர். ஒரு மில்லிமீற்றர் நீளத்தினுள் ஏறக்குறைய 200 மதுவக் கலங்களை வரிசையாக அடுக்கலாம். அத்துணைச் சிறிய கலத்தினுள்ளும் பல அறைகள் உள்ளன. ஒவ்வோர் அறைக்கும் ஒரு தொழிலும் உண்டு. கருவிலே பரம்பரை அலகுகள் காக்கப்படுகின்றன. இழைமணிகளிலே சத்தி பிறக்கின்றது. புன்வெற்றிடத்திலே பழுதுற்ற பொருள்கள் சிதைக்கப்படுகின்றன. இத்தொழில்களைச் செய்யும் கருவிகள் புரதங்களே. ஏறக்குறைய 6,000 வகைப் புரதங்களை ஆக்கவல்ல இக்கலம், ஒவ்வொன்றையும் அதற்குரிய இடத்துக்கு எவ்வாறு அனுப்புகின்றது? இவ்வினாவுக்கு விடை கண்ட வரலாற்றையே இன்று கூற விழைகின்றேன்.

இவ்வினா முதலில் மதுவத்திடம் கேட்கப்படவில்லை. நியூயோர்க் நகரத்து றொக்பெல்லர் ஆராய்ச்சி நிலையத்திலே ஜோர்ஜ் பலாடே என்னும் அறிஞர், கினிப்பன்றியின் சதையியை ஆராய்ந்தார். சதையி சமிபாட்டு நொதியங்களை மிகுதியாகச் சுரக்கும் உறுப்பாகும். அக்கலங்களுக்குக் கதிர்த்தொழிற்பாடுடைய அமினோ அமிலத்தை ஊட்டி, அதனால் ஆன புரதம் செல்லும் வழியை அவரும் அவருடைய துணைவரும் 1960களிலே இலத்திரன் நுணுக்குக்காட்டியாற் கண்டனர். புரதம் முதலில் அகமுதலுருச் சிறுவலையினுட் புகுகின்றது. அடுத்துக் கொல்கியுடலை அடைகின்றது. பின்னர்ப் புடகங்கள் எனப்படும் சிறு பைகளில் ஏறிக் கலத்தின் எல்லையை அடைந்து வெளியேறுகின்றது. இப்பணிக்காகப் பலாடே 1974இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அதே நிலையத்தில் ஆராய்ந்த குந்தர் புளோபெல், புரதம் தான் சேரவேண்டிய இடத்தின் விலாசத்தைத் தன் உடலிலேயே தாங்கியுள்ளது என்னும் கருத்தை 1971இல் முன்வைத்தார். அது மெய்யென நிறுவப்பட்டது. 1999இல் அவரும் நோபல் பரிசு பெற்றார்.

வழி தெரிந்தது, விலாசமும் தெரிந்தது. ஆயினும், புடகங்களில் புரதத்தை ஏற்றுவோர் எவர், அவற்றை உரிய இடத்தில் இறக்குவோர் எவர் என்பது தெரியவில்லை. நுணுக்குக்காட்டி வழியைக் காட்டுமேயன்றி ஏவலாளரின் பெயரைக் கூறமாட்டாது.

1976இல் கலிபோர்னியாவின் பேர்க்லிப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியப் பணியேற்ற றண்டி செக்மன் என்னும் இளைஞர், இதனை மதுவத்திலே ஆராயத் துணிந்தார். மதுவம் விரைவிற் பெருகும். அதன் பரம்பரை அலகுகளை எளிதில் மாற்றலாம். எனினும், விலங்கின் கலத்தில் நிகழ்வதை மதுவம் கற்பிக்குமா என்னும் ஐயம் பலருக்கு இருந்தது. ஆய்வுக்குப் பொருளுதவி வேண்டி அவர் செய்த முதல் விண்ணப்பமும் மறுக்கப்பட்டது. ஆயினும் அவர் முயற்சியைக் கைவிடவில்லை.

ஒரு கருவியின் உறுப்புகளை அறியவேண்டின், அது பழுதுறும் வகைகளை ஆராய்தல் நன்று. செக்மனும் அவருடைய மாணவர் பீற்றர் நொவிக்கும் அவ்வழியையே மேற்கொண்டனர். ஆனால் ஓர் இடர் நின்றது: சுரப்பு முற்றாக நின்ற கலம் வளராது இறந்துவிடும், இறந்த கலத்தை வளர்த்து ஆராய்தல் எங்ஙனம்? ஆதலின், 25 பாகை செல்சியசில் இயல்பாக வாழ்ந்து, 37 பாகையில் மட்டும் பழுதுறும் விகாரக் கலங்களைத் தேடினர். கரும்புச் சீனியைப் பிரிக்கும் நொதியமொன்றை மதுவம் தன் எல்லைக்கு அனுப்புவது வழக்கம். 1979இல் அவர்கள் கண்டெடுத்த முதற் கலத்தில், வெப்பம் ஏறியதும் அந்நொதியம் வெளியேறாது உள்ளேயே தேங்கியது. நுணுக்குக்காட்டியில் நோக்கியபோது, இறங்குமிடம் காணாத புடகங்கள் கலம் முழுவதும் நெருங்கிக் கிடந்தன.

வெளியேற்றம் நின்ற கலம் பருக்காது. உள்ளே பொருள் சேரச் சேர அதன் அடர்த்தி கூடும். இதனை உணர்ந்த அவர்கள், அடர்த்தி மிக்க கலங்களை மையநீக்கத்தாற் பிரித்தெடுத்தனர். 1980இல், இவ்வஞ்சற் பணிக்கு இன்றியமையாத 23 பரம்பரை அலகுகள் அறியப்பட்டன. பின்னர் இரு பழுதுகளை ஒரே கலத்திற் சேர்த்து நோக்கினர். முந்திய தடை எங்கோ, அங்கேயே புரதம் தேங்கும். அதனால் எப்படி முந்தியது, எப்படி பிந்தியது என்பதும் தெளிவாயிற்று. பலாடே சதையியிற் கண்ட அதே வழியே மதுவத்திலும் அமைந்திருந்தது. 1980களிலேயே வேறு ஆய்வாளர், புன்வெற்றிடத்துக்குரிய புரதத்தைத் தவறுதலாக வெளியே அனுப்பும் மதுவக் கலங்களையும் கண்டெடுத்து, வழி பிரியும் சந்தியை ஆராய்ந்தனர்.

இதற்கிடையே ஜேம்ஸ் றொத்மன் என்பார், விலங்குக் கலங்களை உடைத்தெடுத்த சாற்றிலே இதே பணியைச் சோதனைக்குழாயில் நிகழ்த்தி, அதற்கு வேண்டிய புரதமொன்றைப் பிரித்தெடுத்தார். 1989இல் அது செக்மன் கண்ட அலகுகளுள் ஒன்று ஆக்கும் புரதத்துக்கு இணையானதே என்பது தெரியவந்தது. இரு வேறு வழிகளிற் சென்றோர் ஒரே வாயிலில் சந்தித்தனர். ஏறக்குறைய நூறு கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்த இரு குலங்கள் ஒரே ஏவலாளரை இன்றும் வைத்திருக்கின்றன. செக்மன், றொத்மன் இருவரும், நரம்புக் கலங்களில் இத்தொழிலை விளக்கிய தோமஸ் சூட்ஹோவும் 2013இல் நோபல் பரிசைப் பகிர்ந்தனர்.

இவ்வறிவு ஏட்டளவில் நின்றதன்று. மதுவத்தில் அறியப்பட்ட அலகுகளுள் ஒன்றுக்கு இணையானது மனிதரிடத்துப் பழுதுற்றால், மண்டையோட்டு எலும்புகள் செவ்வனே பொருந்தா என்பது 2006இல் அறியப்பட்டது. சிஸ்ரிக் பைபுரோசிஸ் என்னும் கொடிய பரம்பரை நோயில், பெரும்பாலான நோயாளரிடத்து, ஒரு புரதம் கலத்தின் எல்லையை அடையாமல் இடைவழியிலேயே தடுக்கப்படுகின்றது. நன்மையும் உண்டு: மனித இன்சுலினை ஆக்கி வெளியே சுரக்குமாறு மதுவம் பழக்கப்பட்டது, நீரிழிவுற்றோர் பலர் உடலில் ஏற்றும் மருந்து இவ்வாறு பிறந்ததே.

2003இல், மதுவத்தின் 4,156 புரதங்கள் கலத்தினுள் எவ்வெவ்விடத்தில் உறைகின்றன என்பதைக் காட்டும் பட்டியலும் வெளிவந்தது. அன்று மறுக்கப்பட்ட விண்ணப்பத்தில் எழுப்பிய வினா வீண்வினா அன்று என்பதற்கு இவை யாவும் சான்று. மாவைப் பொங்கச் செய்யும் அச்சிற்றுயிரிடம் கேட்ட கேள்விக்கு நம் உடலைப் பற்றிய விடையே கிடைத்தது.