அல்தமிரா பள்ளி

தொல்பழங்காலக் குகை ஓவியத்தை நவீன அரூப ஓவியத்தின் ஊற்றாகக் கொண்டு, 1948இல் ஸ்பெயினின் சாந்தில்லானா தெல் மார் ஊரில் தோன்றிய கலை இயக்கம். பெயரில் பள்ளி எனினும், இது பாடத்திட்டம் இல்லாத கலைஞர், எழுத்தாளர் கூட்டமைப்பு. ஜெர்மானிய ஓவியர் மத்தியாஸ் கோரிட்ஸ் முன்னின்று தொடங்க, சிற்பி ஆங்கெல் ஃபெர்ரான்ட், விமர்சகர் ரிக்கார்தோ குயோன் ஆகியோர் இணைந்தனர். அருகிலுள்ள அல்தமிரா குகையின் விதானத்தில், பாறைப் புடைப்பையே காட்டெருமையின் உடலாக்கிச் செங்காவியாலும் கரியாலும் தீட்டிய உருவங்களே இவர்களின் ஆதாரம். சுருக்கிய உருவம், தடித்த கோடு, தூரக்காட்சியற்ற வெளி ஆகியவை கோரிட்ஸின் அக்காலப் படைப்புகளில் தெரிகின்றன. 1949, 1950இல் கலைஞர் சந்திப்புகள் நடந்தன. கோரிட்ஸ் 1949இல் மெக்சிகோவுக்குக் குடிபெயர்ந்தார், இயக்கம் நீடிக்கவில்லை. பள்ளிக்கு வெளியே, ஓவியர் ஜோன் மீரோவும் மட்பாண்டக் கலைஞர் ஆர்த்திகாஸும் 1957இல் அல்தமிரா குகையைப் பார்வையிட்டனர்; பாரிஸ் யுனெஸ்கோ தலைமையகத்துக்கான அவர்களின் சுடுமண் ஓட்டுச் சுவர்கள் 1958இல் நிறைவடைந்தன.