கர்துல்லாவும் எம்.டி.யும்: இரட்டைப் பிடிக்கு மருந்து தேடிய கதை

தாராவியின் போதை வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் வரதராஜ முதலியார் காலத்துக் கள்ளச்சாராயத்தோடு நிறுத்திவிடுகின்றனர். திரைப்படங்கள் பழக்கிவிட்ட பார்வை அது. பின்னால் வந்ததே கொடிது. 1979இல் ஈரானும் ஆப்கானிஸ்தானும் கலங்கியபோது ஹெராயின் செல்லும் வழிகள் மாறின. 1980களின் தொடக்கத்தில் ‘பிரவுன் சுகர்’ பம்பாய்த் தெருக்களை எட்டியது. ‘கர்த்’ என்றால் தூள். அதைப் புகைப்போருக்குக் ‘கர்துல்லா’ என்று ஊர் பெயரிட்டது. நோயாளியைக் குறிக்கும் சொல்லாக அன்று, வசைச்சொல்லாகவே.

1985இல் போதைப்பொருள் சட்டம் வந்தது. சிறை வந்த வேகத்தில் சிகிச்சை வரவில்லை. நாவின் அடியில் கரையும் பியூப்ரினார்ஃபின் மாத்திரை 1990களில்தான் மாற்று மருந்தாக வேரூன்றத் தொடங்கியது. 2012ஐ ஒட்டிப் பரேல் கே.இ.எம். மருத்துவமனைக்கு மெதடோனும் வந்தது. இவ்விரண்டும் ஓபியாய்டு ஏக்கத்தைத் தணிப்பவை. அதற்குள் நகரத்தில் இன்னொரு தூள் புகுந்துவிட்டது: ‘எம்.டி.’ எனப்படும் மெஃபெட்ரோன். சட்டப் பட்டியலில் அது ஏறியது 2015 பிப்ரவரியில். இது மயக்குவதில்லை, முடுக்குவது. முடுக்கத்துக்கு ஒன்று, தணிவுக்கு மற்றொன்று என்று இரண்டையும் ஒருவரே நாடும்போது பாதி நோய்க்கே மருந்து கிடைக்கிறது.

இச்சிக்கலை ஆய்வுலகம் அறியாமலில்லை. 1989இல் பியூப்ரினார்ஃபின் பெற்ற ரீசஸ் குரங்குகள் கோகெயினைக் குறைவாக நாடியதாக ‘சயன்ஸ்’ இதழில் ஒரு கட்டுரை வந்தது. ஒரே மாத்திரை இரு பிடிகளையும் தளர்த்தும் என்ற நம்பிக்கை பிறந்தது. மனிதரிடம் நடந்த பிற்காலச் சோதனைகள் அந்நம்பிக்கையை உறுதிசெய்யவில்லை.

என்னை மிகவும் சிந்திக்கவைத்தது 2012இல் ரஷ்யாவிலிருந்து வெளிவந்த சோதனை. ஹெராயின், ஆம்ஃபெடமின் இரண்டுக்கும் அடிமையான 100 பேர். தோலுக்கடியில் நால்ட்ரெக்ஸோன் பதியம் அல்லது போலிப் பதியம். பத்தாம் வாரத்தில் சிகிச்சையில் நீடித்தோர் 52 விழுக்காடு. போலிப் பதியம் பெற்றோரில் 28. போதைப்பொருள் தென்படாத சிறுநீர் 38 விழுக்காட்டினரிடம், மறுபுறம் 16. ஏன் நால்ட்ரெக்ஸோன்? அந்நாட்டில் மெதடோனும் பியூப்ரினார்ஃபினும் சிகிச்சைக்குத் தடைசெய்யப்பட்டவை. எந்த மருந்தைச் சோதிப்பது என்பதில் சட்டத்துக்கும் பங்குண்டு.

அம்முறையை அப்படியே தாராவிக்குக் கொண்டுவர இயலாது. நால்ட்ரெக்ஸோன் தொடங்குமுன் ஒரு வாரத்துக்கும் மேலாக ஓபியாய்டு இன்றி இருக்கவேண்டும். இல்லையேல் மருந்தே கடும் விலகல் நோவை மூட்டிவிடும். பட்டறையிலேயே வேலை செய்து பட்டறையிலேயே உறங்கும் கூலித் தொழிலாளி அந்த வாரத்தை எங்கே கழிப்பார்? பியூப்ரினார்ஃபினுக்கு இந்தத் தடை இல்லை, ஓரிரு நாளிலேயே தொடங்கலாம். ஆனால் நாள்தோறும் மையத்துக்கு வரச்சொன்னால் அரைநாள் கூலி போகும். மேலும், ஆம்ஃபெடமினுக்கான வழக்கமான சிறுநீர்ப் பட்டை மெஃபெட்ரோனை நம்பகமாகக் காட்டுவதில்லை.

2019இல் வெளியான தேசியக் கணக்கெடுப்பு ஓபியாய்டு பயன்படுத்துவோர் 2.26 கோடி என்றும், அவர்களுள் உதவி தேவைப்படுவோர் ஏறத்தாழ 77 லட்சம் என்றும் மதிப்பிட்டது. ஆம்ஃபெடமின் வகைத் தூண்டுபொருள்களுக்கு வேறொரு பத்தி, 0.18 விழுக்காடு. இரு பத்திகளிலும் இடம்பெறும் மனிதர் ஒருவரே என்பதைக் கூட்டுத்தொகைகள் காட்டா.