மதில் போன வழி

மலேசியாவிலிருந்து கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் போகிற பெரும்பாலோர் ஒரே ஒரு சொல்லுக்காகத்தான் போகிறோம். கடாரம். பள்ளியில் பேச்சுப் போட்டிக்கு மனப்பாடம் செய்த சொல். பொங்கல் விழா மேடைகளில் யாராவது ஒருவர் 'கடாரம் கொண்டான்' என்று முழங்கினால் கைத்தட்டல் நிச்சயம். நான் வளர்ந்தது சுங்கைப் பட்டாணியில். கடாரம் என்று வரலாற்று ஆய்வாளர்கள் பெரும்பாலும் அடையாளம் காட்டும் கெடா மாநிலத்தில். ஆக, கைத்தட்டிய நாங்கள் உட்கார்ந்திருந்தது வென்றவனின் ஊரில் இல்லை, வெல்லப்பட்ட ஊரில். இந்தக் கோணல் மண்டபத்தில் யாருக்கும் உறைத்ததாகத் தெரியவில்லை.

அந்தச் சொல்லைத் தேடித்தான் நானும் தை மாதக் கடைசியில் கும்பகோணத்தில் பேருந்து ஏறினேன். ஆனால் ஊர் திரும்பிய பிறகும் மனத்தில் நிற்பது கடாரம் இல்லை. அங்கே இல்லாமல் போன ஒரு மதில்.

முதலில் ஊர். அரியலூர் மாவட்டத்தில் ஜெயங்கொண்டத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னக் கிராமம். சில கடைகள், இளநீர் வண்டி, ஆடுகள், அவ்வளவுதான். அதற்கு நடுவே ஏறக்குறைய 55 மீட்டர் உயரத்தில் ஒரு விமானம். தஞ்சைப் பெரிய கோயிலைவிட உயரம் குறைவு. தஞ்சை விமானம் நேராக, கறாராக மேலே போகும். இங்கே பக்கங்கள் உள்வாங்கி வளைந்து ஏறுகின்றன. தஞ்சை அப்பா, இது மகன் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். ராஜராஜன் கட்டியது அது, ராஜேந்திரன் கட்டியது இது என்பதால் அந்த உவமை சுலபமாக வந்துவிடுகிறது. வடக்கு வாசல் பக்கம் சண்டேசருக்குச் சிவன் பூமாலை சுற்றும் சிற்பம் இருக்கிறது. அதன் முன்னால் நான் அரை மணி நேரம் நின்றேன். அதைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், விட்டுவிடுகிறேன்.

புல்வெளியைச் சுற்றி வரும்போதுதான் ஏதோ குறைவது தெரிந்தது. தஞ்சையில் உள்ளே நுழைந்தால் நாலு பக்கமும் திருச்சுற்று மாளிகை நம்மைச் சூழ்ந்துகொள்ளும். இங்கே அது அங்கங்கே துண்டு துண்டாகத்தான் மிஞ்சியிருக்கிறது. கிழக்குக் கோபுரம் இடிந்த அடித்தளமாக நிற்கிறது. டீக்கடை அம்மாவிடம் கேட்டேன்.

"மதிலா? அத வெள்ளக்காரன் எடுத்துட்டுப் போயி அணை கட்டிட்டான் தம்பி. நீங்க அணைக்கர வழியாத்தானே வந்தீங்க? அது மேலதான் வந்திருப்பீங்க."

ஊர்க்கதையாக இருக்கும் என்று கடந்து போயிருக்கலாம். ஆனால் இதற்கு எழுத்துச் சாட்சி உண்டு. 1855இல் அச்சான தென்னிந்திய கெசட்டியர் ஒன்று இதைப் பதிவு செய்திருக்கிறது. கே. ஏ. நீலகண்ட சாஸ்திரி தன் 'சோழர்கள்' நூலில் அந்தப் பகுதியை எடுத்துக் காட்டுகிறார். கொள்ளிடத்தில் கீழணை கட்டியபோது இந்தக் கோயிலின் கருங்கல் மதிலைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். ஊர் ஜனங்கள் முடிந்தவரை தடுத்துப் பார்த்தார்கள். தடுத்ததற்காக அவர்களுக்குத் தண்டனை கிடைத்தது. கல் மதிலுக்குப் பதிலாகச் செங்கல் மதில் கட்டித் தருவதாக ஒரு வாக்குறுதி. அந்த வாக்குறுதி காப்பாற்றப்படவில்லை என்பதையும் அதே குறிப்பு சொல்கிறது. ஆங்கிலேயர் ஆட்சியின்போதே, ஆங்கிலத்திலேயே எழுதப்பட்ட குறிப்பு இது. படிக்கும்போது எழுதியவருக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது தெரிகிறது.

கீழணை கட்டப்பட்டது 1836இல். அதே ஆண்டில் முக்கொம்பில் மேலணையும் வந்தது. இரண்டும் ஆர்தர் காட்டனின் திட்டம். காவிரியும் கொள்ளிடமும் பிரிகிற இடத்தில் கொள்ளிடத்தின் படுகை தாழ்வானது. அதனால் ஆண்டுக்கு ஆண்டு தண்ணீர் கொள்ளிடத்துக்கே ஓடி, காவிரி மணல்மேடாகிக்கொண்டிருந்தது. அதைச் சரிசெய்ய மேலணை. அப்படிச் செய்தால் கொள்ளிடத்தை நம்பியிருந்த கீழ்ப்பகுதி வயல்கள் காயும். அதற்காகக் கடலுக்குப் போகிற மிச்சத் தண்ணீரைப் பிடித்துத் திருப்பக் கீழணை. நான் சிவில் பொறியியல் படித்தவன். இந்தத் திட்டத்தைக் காகிதத்தில் பார்த்தால் குறை சொல்ல வராது. அழகான தீர்வு.

கல்லுக்கு ஏன் கோயிலுக்குப் போனார்கள் என்பதும் எனக்குப் புரிகிறது, அதுதான் சங்கடம். காவிரிப் படுகை முழுக்க வண்டல். குத்துக்கல் நடுவதற்குக்கூட உள்ளூரில் பாறை கிடையாது. ராஜேந்திரனே கல்லைத் தூரத்திலிருந்துதான் கொண்டுவந்தாக வேண்டும். கருங்கல் ஒரு கன மீட்டர் 2.7 டன் எடை. ஒரு மீட்டர் நீளம், அரை மீட்டர் அகலம், 40 சென்டிமீட்டர் தடிமன் உள்ள ஒரு கல் 540 கிலோ வரும். ஒரு மாட்டு வண்டிக்கு ஒன்று, மிஞ்சிப்போனால் இரண்டு. வெட்டிச் செதுக்கி, சதுரம் பார்த்து அடுக்கிய கற்கள் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் சும்மா நிற்கின்றன என்றால், செலவுக் கணக்கு எழுதுகிற எந்தப் பொறியாளனுக்கும் அது கோயிலாகத் தெரியாது. சரக்குக் கிடங்காகத்தான் தெரியும். என் அலுவலகத்தில் இருப்பவர்களைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள் என்று நினைக்கிறேன்.

இன்னொரு விசித்திரம். ஆழம் தெரியாத ஆற்று மணலில் கல்லை இறக்கி எப்படி அடித்தளம் போடுவது என்பதைக் கல்லணையிடம் கற்றுக்கொண்டதாகக் காட்டனே எழுதியிருக்கிறார். கரிகாலன் கட்டியதாக நாம் சொல்லும் அதே கல்லணை. சோழ நாட்டின் பழைய வித்தையைக் கற்றுக்கொண்டு, சோழர் கல்லையே எடுத்து, சோழர் ஆற்றிலேயே அணை.

மதில்தானே, கோயில் பத்திரமாகத்தானே இருக்கிறது என்று கேட்கலாம். இங்கேதான் தஞ்சையை மறுபடி நினைக்க வேண்டியிருக்கிறது. தஞ்சைக் கோயிலுக்கு ராஜராஜன் கொண்டுவந்த 400 தளிச்சேரிப் பெண்டுகளைப் பற்றிய கல்வெட்டு எங்கே இருக்கிறது தெரியுமா? கருவறைச் சுவரில் இல்லை, வெளி மதிலில். ஒவ்வொருத்தியின் பெயர், எந்தக் கோயிலிலிருந்து வந்தாள், எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு, எல்லாம் அதில் உண்டு. ஒருவருக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல் பங்கு. ஆயிரம் ஆண்டுக்கு முன்னால் நடனமாடிய ஒரு பெண்ணின் வீட்டு எண் வரை இன்று நாம் சொல்ல முடிவது அந்த மதில் நின்றதால்தான்.

கங்கைகொண்ட சோழபுரத்தில் இன்று கிடைக்கும் கல்வெட்டுகளில் பழையது வீரராஜேந்திரன் காலத்தது, 1068. கட்டிய ராஜேந்திரனின் கல்வெட்டு அங்கே ஒன்றும் இல்லை. ஏறக்குறைய 250 ஆண்டுகள் ஒரு பேரரசின் தலைநகராக இருந்த ஊர். ஆடியவர்கள், விளக்கு ஏற்றியவர்கள், கணக்கு எழுதியவர்கள் என்று எத்தனை பேர் இருந்திருப்பார்கள். மதிலில் அவர்கள் பெயர் எழுதப்பட்டிருந்தால் அது இப்போது கொள்ளிடத்தில் தண்ணீருக்கு அடியில் இருக்கிறது. அரசனின் பெயருக்குக் குறையில்லை, அவன் செப்பேடுகளிலும் பிற ஊர்க் கல்வெட்டுகளிலும் பத்திரமாக இருக்கிறான்.

அவன் ஏன் தஞ்சையை விட்டு வந்தான்? தஞ்சையிலிருந்து வடகிழக்கே சுமார் 70 கிலோமீட்டர், கொள்ளிடத்துக்கு வடகரை, வயல் வளம் குறைந்த மேட்டுநிலம். 1023 வாக்கில் அவன் படை கங்கை வரை போய்வந்தது. தோற்ற அரசர்களின் தலையில் கங்கை நீரைச் சுமக்க வைத்துக் கொண்டுவந்ததாகத் திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்கிறது. அந்த வெற்றிக்கு நட்ட தூண் கல்லால் ஆனதில்லை, நீராலானது என்றும் அதே செப்பேடு பெருமைப்படுகிறது. சோழகங்கம் ஏரி. இன்று பொன்னேரி. அதன் கரை 16 மைல் என்று 19ஆம் நூற்றாண்டுக் குறிப்பு. புலவர்கள் வெற்றித்தூண் என்று பாடட்டும். எனக்கு அது வேறு மாதிரி தெரிந்தது. மேட்டில் தலைநகர் வைத்தவனுக்கு ஏரி வெட்டாமல் வேறு வழியில்லை. நான் போனபோது பொன்னேரியில் கொஞ்சம் தண்ணீர், நிறையப் புல், கரையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பையன்.

திரும்பும்போது அணைக்கரையில் இறங்கி நடந்தேன். கொள்ளிடம் அங்கே இரண்டாகப் பிரிந்து, நடுவில் தீவு. மதகுகளின் வரிசை நீளமாகப் போகிறது. கல்லையெல்லாம் குனிந்து குனிந்து பார்த்தேன். பூச்சும் பழுதுபார்த்த அடையாளங்களும் பாசியும்தான். எது மதில் கல், எது வேறு கல் என்று பிரிக்க வழியே இல்லை. அணை என்னவோ 190 ஆண்டாக வேலை செய்கிறது. இங்கிருந்து வடவாறு பிரிந்து வீராணம் ஏரிக்குப் போகிறது. வீராணம், முதலாம் பராந்தகன் காலத்தில் வெட்டப்பட்ட ஏரி, அவனுடைய வீரநாராயணன் என்ற பட்டப்பெயரின் மிச்சம். 2004 முதல் அந்த ஏரித் தண்ணீர் குழாய் வழியாகச் சென்னைக்கு வருகிறது. சென்னையில் நான் தங்கியிருந்த விடுதியில் பல் துலக்கிய தண்ணீரில்கூட ராஜேந்திரன் மதிலுக்குக் கொஞ்சம் பங்கு இருந்திருக்கும். இதை வைத்துக் காட்டனை மன்னித்துவிடலாமா என்றால், காட்டனைப் பற்றிய கேள்வியே இல்லை. தடுக்க வந்து தண்டனை வாங்கியவர்களும் விவசாயிகளாகத்தான் இருந்திருக்க வேண்டும். தண்ணீர் வேண்டாம் என்று எந்த விவசாயியும் சொல்ல மாட்டான். அவர்களிடம் யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

கடாரத்துக்கு வருகிறேன். 1025இல் ராஜேந்திரனின் கப்பல் படை நம் பக்கம் வந்தது. மெய்க்கீர்த்தியில் ஸ்ரீவிஜயம், பண்ணை, மலையூர், இலங்காசோகம், மாநக்கவாரம் என்று பெயர்கள் வரிசையாக வந்து கடைசியில் கடாரம் நிற்கும். கடாரத்து அரசன் சங்கிராம விஜயோத்துங்கவர்மன் பிடிபட்டான். அவன் யானைகளும், குவித்து வைத்த செல்வமும், வித்யாதர தோரணம் என்ற நகர வாசலும் கைப்பற்றப்பட்டன. வாசலையே எடுத்துக்கொண்டான் என்று தமிழில் படிக்கும்போது பெருமையாக இருக்கிறது. மெர்போக்கில் நின்று யோசித்தால், அதுவும் ஒரு ஊரின் கட்டடத்தை இன்னொருவன் பெயர்த்துக்கொண்டு போன கதைதான்.

மெர்போக்கில் பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகம் இருக்கிறது. பள்ளியிலிருந்து எங்களை அழைத்துப் போவார்கள். புக்கிட் பத்து பகாட் சண்டியை அங்கே திரும்ப அடுக்கிக் கட்டிவைத்திருக்கிறார்கள். ஆனால் பள்ளத்தாக்கில் இருந்த எல்லாச் சண்டிகளுக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. 2013இல் சுங்கை பத்துவில் 11ஆம் எண் சண்டி, வீடமைப்புத் திட்டத்துக்காக நிலம் திருத்தியபோது இயந்திரத்தால் இடிக்கப்பட்டது. செய்தி வெளியே வந்தபோது தரைமட்டம். அந்த நிலம் வரலாற்றுச் சின்னமாக அரசிதழில் பதிவாகியிருக்கவில்லை, தனியார் நிலம் என்றெல்லாம் விளக்கங்கள் வந்தன. அந்தக் கற்கள் எந்த வயலுக்கும் தண்ணீர் கொடுக்கவில்லை. தடுத்துத் தண்டனை வாங்கவும் யாரும் இல்லை. கடாரம் என்றால் கைத்தட்டுகிற நம்மில் எத்தனை பேருக்கு அந்தச் சண்டியின் எண்ணாவது தெரியும்?

2025 ஜூலையில், ஆடித் திருவாதிரையை ஒட்டி, கடல் படையெடுப்பின் ஆயிரமாவது ஆண்டை கங்கைகொண்ட சோழபுரத்தில் பெரிதாகக் கொண்டாடினார்கள். இந்தியப் பிரதமர் வந்தார், ராஜேந்திரன் பெயரில் நாணயம் வெளியிட்டார். பேச்செல்லாம் கப்பலைப் பற்றி. நியாயம்தான், கப்பல் பேசுவதற்கு நன்றாக இருக்கும்.

கோயிலிலிருந்து கொஞ்ச தூரத்தில் மாளிகைமேடு. சோழர் அரண்மனை இருந்த இடம். தமிழ்நாடு தொல்லியல் துறை 1980 முதல் அவ்வப்போது தோண்டி, செங்கல் சுவர்களையும் கூரை ஓடுகளையும் சீனப் பீங்கான் துண்டுகளையும் எடுத்திருக்கிறது. இன்று பார்க்க முழங்கால் உயரச் சுவர்கள்தான். மேலே தகரக் கொட்டகை. நிழலில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், எந்த ஊர் என்று விசாரித்தார். மலேசியா என்றேன். கடாரம் என்று சொல்லிப் பார்த்தேன். "கடாரங்கொண்டானா? அது இந்தப் பக்கம், ஜெயங்கொண்டம் போற வழில கேளுங்க," என்று கையைக் காட்டினார். உண்மையிலேயே அந்தப் பெயரில் பக்கத்தில் ஒரு கிராமம் இருக்கிறது. பிறகு சுவரைக் காட்டிச் சொன்னார், "இந்தச் செங்கல்லு ரொம்ப உறுதி தம்பி. அந்தக் காலத்துல எங்க ஆளுங்களே எடுத்துட்டுப் போயி வீடு கட்டிக்கிட்டாங்க. மண்ணத் தோண்டுனா வந்துக்கிட்டே இருக்கும்."

உங்கள் வீடும் அப்படியா என்று கேட்டேன். அவர் சிரித்தார். "எங்களுது ஆலோ பிளாக்கு," என்றார்.