திருப்பந்தியின் அழைப்பும் அன்றாட பக்தியும்

மெதடிஸ்த திருச்சபையார் நற்கருணைப் பந்தியை யாவர்க்கும் திறந்து வைத்திருப்பதைக் காண்போர், அது பிற்காலத்துத் தாராள மனப்பான்மை ஈந்த வழக்கம் என்று கருதுவதுண்டு. ஆனால் அச்சபையின் மூலபுருஷராகிய ஜான் வெஸ்லியின் வரலாற்றை ஊன்றி நோக்கின், கிருபை மனிதனுடைய தகுதிக்கு முற்பட்டது என்னும் சித்தாந்தமே அப்பந்தியை விரித்தது என்பதும், அச்சித்தாந்தமே அன்றாட ஒழுக்கத்தையும் விடாது வற்புறுத்திற்று என்பதும் விளங்கும்.

தொடக்கத்தில் வெஸ்லி கடுமையான காவலராகவே இருந்தார். 1737 ஆகஸ்டில், ஜார்ஜியாவின் சவானாவில் குருவாயிருந்தபோது, தாம் முன்னர் மணக்க எண்ணியிருந்து பின்னர் வேறொருவரை மணந்துகொண்ட சோபியா ஹாப்கி என்னும் பெண்ணுக்கு, விதிமுறைகளைக் காரணமாகக் காட்டி இராப்போஜனம் மறுத்தார். அது வழக்காக மூண்டு, ஆண்டு முடியுமுன் அவர் அக்குடியேற்றத்தை விட்டே நீங்க நேர்ந்தது.

மூன்றாண்டுகளுக்குள் அவரே எதிர்ப்பக்கம் நின்று வாதாடினார். லண்டனில் அவர் சார்ந்திருந்த ஃபெட்டர் லேன் சங்கத்தில் மொரேவியராகிய பிலிப் ஹென்றி மோல்தர், ஐயத்துக்கிடமற்ற விசுவாசம் வாய்க்குமளவும் ஜெபம், வேதவாசிப்பு, நற்கருணை ஆகிய அனைத்தையும் விட்டுச் சும்மா இருத்தலே நெறியெனப் போதித்தார். பசித்தவனை நோக்கி, பசி தீர்ந்தபின் உண்ண வா என்பது போன்ற இப்போதனையை மறுத்த வெஸ்லி, நற்கருணை விசுவாசிகளைத் தாங்குவதோடு விசுவாசமில்லாதாரை மனந்திருப்பவும் ஏற்பட்ட நியமம் என்றும், அதை அணுகுவோர்க்குத் தம் குறையை உணர்தலன்றி வேறு தகுதி வேண்டுவதில்லை என்றும் 1740 ஜூனில் உரைத்து, அடுத்த மாதமே அச்சங்கத்தை விட்டுப் பிரிந்தார். குருவின் மகளாய்ப் பிறந்து, குருவின் மனைவியாய் வாழ்ந்து, எழுபது வயதை எட்டியிருந்த அவருடைய அன்னை சூசன்னா, தம் மருமகன் கையிலிருந்து பாத்திரத்தை வாங்கிய கணத்திலேதான் பாவமன்னிப்பின் நிச்சயத்தை அடைந்ததாக அதற்கு முந்திய ஆண்டு மகனிடம் கூறியிருந்தார். அச்சாட்சியை வெறும் தர்க்கத்திற்கும் மேலானதாக நான் மதிக்கிறேன்.

கொரிந்தியருக்குப் பவுல் எழுதிய எச்சரிக்கையை இதற்குத் தடையாகக் காட்டுவோர் உண்டு. தமிழ் வேதாகமம் அங்கே ஆளும் ‘அபாத்திரமாய்’ என்னும் சொல், புசிக்கும் ஆளையன்றிப் புசிக்கும் விதத்தையே சுட்டுகின்ற வினையடை. ஒருவன் பசித்திருக்க மற்றொருவன் வெறித்திருந்த கொரிந்துவின் ஒழுங்கீனமே அங்குக் கண்டிக்கப்படுகிறது. வெஸ்லி நிறுவியதும் இதுவே.

எனினும், இத்துணை பரந்த அழைப்பு எல்லையற்றது என்று கொள்ளுதல் பிழை. அக்கால இங்கிலாந்தில் பெரும்பாலோர் சிசுப்பருவத்திலேயே ஞானஸ்நானம் பெற்றிருந்தமையால், ஞானஸ்நானம் பெறாதவர் பந்திக்கு வரலாமா என்னும் வினா பெரிதாக எழவில்லை. மேலும், மெதடிஸ்தரின் நற்கருணைக்கு வந்த பிறர் அனுமதிச் சீட்டுப் பெறவேண்டியிருந்தது. மெதடிஸ்த சங்கத்தில் சேர்வதற்கு வரப்போகும் கோபாக்கினைக்குத் தப்பும் விருப்பம் ஒன்றே போதுமாயினும், அதில் நிலைப்பதற்கு அவ்விருப்பம் நடத்தையிற் கனிய வேண்டும் என்று 1743ஆம் ஆண்டின் பொதுவிதிகள் கூறின. தீங்கு செய்யாமை, இயன்ற நன்மையெல்லாம் செய்தல், தேவன் விதித்த நியமங்களைக் கைக்கொள்ளுதல் என்னும் அம்மூன்றன் விரிவிலே, சுங்கம் செலுத்தாத சரக்கை வாங்காமையும், ஆடையற்றோரை உடுத்துதலும், நோயாளிகளையும் சிறைப்பட்டோரையும் காணச் செல்லுதலும் அடங்கியிருந்தன. இந்நடத்தையை விசாரிக்கும் ஏற்பாடு அதற்கு முன்பே தோன்றியிருந்தது: பிரிஸ்டலில் 1742இல் கட்டடக் கடனைத் தீர்க்க வாரம் ஒரு பென்னி தண்டுவதற்காக ஏறக்குறையப் பன்னிருவர்க்கு ஒருவராக நியமிக்கப்பட்டோர் வீடுதோறும் சென்றபோது, அங்கிருந்தோரின் வாழ்க்கைச் சீர்கேட்டையும் கண்டறிந்தமையாலேயே, காசு தண்டும் ஏற்பாடு ஆத்தும விசாரணைக்குரிய வகுப்புக் கூட்டமாயிற்று; அவர்களே வகுப்புத் தலைவராயினர்.

ஐக்கிய மெதடிஸ்த திருச்சபை 2004இல் ஏற்ற நற்கருணை அறிக்கை, ஞானஸ்நானம் பெறாதவர் விசுவாசத்தோடு வந்தால் விலக்காது, பின்பு அவரை ஞானஸ்நானத்திற்கு வழிநடத்துமாறு பணிக்கிறது. முறை மாறியிருப்பினும் இது வெஸ்லியின் நெறிக்குப் புறம்பன்று என்பது என் துணிபு. ஆயின், பந்தியிலிருந்து எழுந்தவரை அடுத்த வாரம் அவர் வீட்டு வாயிலில் கண்டு நலம் விசாரிக்கும் வகுப்புத் தலைவர் ஒருவர் அச்சபையில் இருக்கிறாரா என்பதையும் சேர்த்தே அத்துணிபை உரைக்கிறேன்.