ஹைட்ரஜன் அணுவும் உதகைத் தொலைநோக்கியும்

கோயம்புத்தூரிலிருந்து மேட்டுப்பாளையம் வழியாக உதகைக்குச் சென்றிருக்கிறீர்களா? உதகையை அடுத்த முத்தோரையில், மலைச்சரிவில் 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் உடைய வானொலித் தொலைநோக்கி ஒன்று உள்ளது. பேராசிரியர் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தார் 1970ஆம் ஆண்டில் அதை அமைத்து முடித்தனர். ஹைட்ரஜன் அணுவைப் பற்றிய ஆராய்ச்சி வரலாற்றில் அதற்கும் ஓர் இடம் உண்டு. அதை அறிய, முதலில் அணுவினுள் நோக்குவோம்.

ஹைட்ரஜன் அணுவில் இருப்பது ஒரே எலக்ட்ரான். படிக்கட்டின் படிகளைப் போன்ற சில ஆற்றல் மட்டங்களில் மட்டுமே அது இருக்க முடியும் என்று 1913இல் நீல்ஸ் போர் கூறினார். ஆற்றல் பெற்றால் எலக்ட்ரான் மேற்படிக்கு ஏறும். அப்போது அணு கிளர்ச்சியுற்றது என்கிறோம். கீழே இறங்கும்போது, இரு படிகளுக்கும் இடைப்பட்ட ஆற்றல் ஒளியாக வெளிப்படும். மூன்றாம் படியிலிருந்து இரண்டாம் படிக்கு இறங்கினால், நிறமாலையில் 656 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்புக் கோடு தோன்றும்.

மேலே செல்லச் செல்லப் படிகளின் இடைவெளி குறுகும். அப்படியானால் இருநூறாவது படிக்கும் மேலிருந்து ஒரு படி இறங்கும் எலக்ட்ரான், கண்ணுக்குத் தெரியும் ஒளியை அல்ல, வானொலி அலையையே உமிழ வேண்டும். ஆனால் அத்தகைய அணு மிகப் பெரியது. 272ஆம் படியில் அது இயல்பான அணுவைவிட ஏறத்தாழ 74,000 மடங்கு பெரிதாகி, நம் இரத்தச் சிவப்பணுவின் அளவை எட்டிவிடும்! நம்மைச் சூழ்ந்த காற்றைப் போன்ற அடர்ந்த வாயுவில், அண்டை அணுக்கள் மோதி அதைக் குலைத்துவிடும். விண்வெளியிலோ இடத்திற்குப் பஞ்சமில்லை. அங்கிருந்து இவ்வலைகள் வரக்கூடும் என்று 1959இல் சோவியத் அறிஞர் கார்டஷேவ் கணித்தார்; 1964இல் அவை பிடிபட்டன.

273ஆம் படியிலிருந்து 272ஆம் படிக்கு இறங்கும்போது எழுவது 325 மெகாஹெர்ட்ஸ் அலை. முத்தோரைத் தொலைநோக்கி வாங்கும் அலைவரிசையும் அதையொட்டியதே. பெங்களூர் இராமன் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த அனந்தராமையா, அதைக்கொண்டு பால்வீதியின் பல திசைகளில் இக்கோட்டைப் பதிவு செய்து 1985இல் முடிவுகளை வெளியிட்டார்.

வெப்பம் மிகுந்த விண்மீன்களின் புற ஊதா ஒளி, ஹைட்ரஜனைப் புரோட்டானாகவும் எலக்ட்ரானாகவும் பிரிக்கிறது. அவை மீண்டும் கூடும்போது எலக்ட்ரான் உயர்ந்த படியில் அமர்ந்து, பின் படிப்படியாக இறங்குகிறது. இவ்விண்மீன்களைச் சூழ்ந்த ஒளிமுகில்களுக்கு வெளியே மிக மெல்லிய ஹைட்ரஜன் உறைகள் பரந்திருக்கின்றன, இக்கோடு அவற்றிலிருந்தே வருகிறது என்பது அவர் கண்ட முடிவு.

கண்ணுக்கு எளிதில் புலப்படாத அவ்வுறைகளைக் காட்டிக்கொடுத்தது எது? கண்ணாடிக் குழாயில் ஒளிரும் ஹைட்ரஜனின் சிவப்புக் கோட்டை விளக்கிய அதே படிக்கணக்குதான்!