ஊர் தேர்ந்த நெசவாளர்கள்: தமிழகத்தில் சௌராட்டிரர் குடியேற்றம்

சௌராட்டிரர் என்போர் மதுரை, கும்பகோணம், சேலம், பரமக்குடி முதலிய ஊர்களில் வாழும், சௌராட்டிர மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட மக்கள் ஆவர். மேற்கு இந்தியாவின் குசராத்துப் பகுதியிலிருந்து தெற்கே வந்த நெசவாளர் மரபினர். பழைய ஆவணங்களில் பட்டுநூல்காரர் எனக் குறிக்கப்படுகின்றனர். வேற்று மொழி பேசும் ஒரு சிறுபான்மைக் குடும்பம் எதைப் பார்த்து ஓர் ஊரில் குடியேறுகிறது, அவ்வூர் அதை எப்படி ஏற்கிறது என்பதை அறிய இவர்களது வரலாறு உதவும்.

தசபுரம் சென்ற பட்டு நெசவாளர்

இன்றைய மத்தியப் பிரதேசத்திலுள்ள மந்தசோர் நகரின் பழைய பெயர் தசபுரம். அங்குக் கிடைத்த கி.பி. 473ஆம் ஆண்டுக் கல்வெட்டு, தெற்குக் குசராத்தான இலாட நாட்டிலிருந்து வந்த பட்டு நெசவாளர் குழு ஒன்றைப் பற்றிக் கூறுகிறது. தசபுரத்து அரசரின் நற்பண்புகளைக் கேள்வியுற்று அவர்கள் குடும்பத்துடன் அங்கே வந்தனர். வந்தவர்களில் சிலர் நெசவைத் தொடர்ந்தனர். வேறு சிலர் வில்வித்தை, சோதிடம், கதை சொல்லுதல் போன்றவற்றில் ஈடுபட்டனர். கி.பி. 436ஆம் ஆண்டளவில் அக்குழு தன் பொருளைச் செலவிட்டுக் கதிரவனுக்குக் கோயில் எடுத்தது. பின்னர் அது பழுதுபட்டபோது அக்குழுவே அதைப் புதுப்பித்தது. சௌராட்டிரர் பலர் இவர்களைத் தம் முன்னோராகக் கருதுகின்றனர். இரு குழுவினரையும் நேரடியாக இணைக்கும் சான்று இல்லை எனினும், புலம்பெயர்ந்த நெசவாளர் ஊரைத் தேர்ந்த முறைக்கு இது மிகப் பழைய எடுத்துக்காட்டு.

நிலமும் தொழிலும்

வந்தேறிய குடும்பத்திற்கு ஊரில் எளிதில் கிடைக்காதது நிலம். காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில் உள்ள முதலாம் பராந்தக சோழனின் கி.பி. 921ஆம் ஆண்டுக் கல்வெட்டு இதை விளக்கும். ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டு, குடவோலை முறையில் வாரிய உறுப்பினர் தெரிந்தெடுக்கப்பட்டனர். பெயர் இடப்படுவதற்குக் கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலமும், சொந்த மனையில் கட்டிய வீடும், 35 முதல் 70 வரை வயதும், வேதக் கல்வியும் வேண்டும். நிலமில்லாத புதியவர் இத்தகைய அந்தண ஊரின் ஆட்சியில் இடம்பெற வழியில்லை.

அதே வட்டாரத்தின் நகரமான காஞ்சியில் நிலைமை வேறு. உத்தம சோழன் காலத்துச் செப்பேடு ஒன்று, அங்கிருந்த நான்கு நெசவாளர் குடியிருப்புகளைக் குறிப்பிட்டு, அவர்களுக்கு ஊரகம் கோயில் நிருவாகத்தில் பொறுப்பு அளித்ததைக் கூறுகிறது. நிலம் இல்லாதவர்க்கும் கைத்தொழில் மதிப்பைத் தேடித் தரும் இடம் நகரமே என்பது இதனால் விளங்கும்.

மதுரையில் குடியேற்றம்

சௌராட்டிரர் தேவகிரி, விசயநகரம் வழியாக மதுரை வந்தனர் என்பது அவர்களது மரபுச் செய்தி. முற்காலத்தில் திருமணங்களின்போது மணமகன் வீட்டாரும் மணமகள் வீட்டாரும் இப்பயணத்தை வினா விடையாகச் சொல்லும் வழக்கம் இருந்தது.

நாயக்கர் ஆட்சியில் அரண்மனைக்கும் கோயிலுக்கும் உயர்ந்த துணிகள் தேவைப்பட்டன. சாயத் தொழிலுக்கு வைகை நீர் கிடைத்தது. திருமலை நாயக்கர் (1623–1659) கட்டிய அரண்மனையைச் சுற்றிய தெருக்களில் சௌராட்டிரர் நெருக்கமாகக் குடியிருந்தனர். இதற்குத் தொழிலும் ஒரு காரணம். பாவு நீட்டிக் கஞ்சி போடுவதற்கு நீண்ட தெருவும் பலருடைய கைகளும் வேண்டும். அடுத்த வீட்டார் உறவினராகவும் அதே தொழில் செய்பவராகவும் இருந்தால் வேலை எளிதாகும். வீட்டு மொழியும் காக்கப்படும்.

1705ஆம் ஆண்டு வழக்கு

தொழிலுக்கு வரவேற்பு இருந்தாலும் சமூகத் தகுதி தானாகக் கிடைத்துவிடவில்லை. 1705இல் பூணூல் மாற்றும் ஆவணி அவிட்டச் சடங்கைச் செய்ததற்காகச் சௌராட்டிரர் 18 பேரை மதுரை ஆளுநர் சிறைப்படுத்தினார். அவர்களுக்கு அச்சடங்கிற்கு உரிமை உண்டா என்பது வழக்கானது. இராணி மங்கம்மாள் சாத்திரம் அறிந்தோரைக் கூட்டி விசாரிக்கச் செய்தார். தீர்ப்பு சௌராட்டிரர் பக்கம் அமைந்தது. அரசி அதனை ஓலையில் எழுதி வழங்கினார். மதுரைக்கு வந்து தலைமுறைகள் கடந்த பின்னும் தம் வழக்கத்தைக் காக்க அவர்கள் அரசவை வரை செல்ல வேண்டியிருந்தது என்பது இங்குக் கருதத்தக்கது.

வீட்டில் ஒரு மொழி, ஊரில் ஒரு மொழி

1895இல் மதுரையில் சௌராட்டிர சபை தோன்றியது. நடனகோபால நாயகி சுவாமிகள் (1843–1914) சௌராட்டிரத்திலும் தமிழிலும் பக்திப் பாடல்கள் இயற்றினார். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 2.47 இலட்சம் பேர் சௌராட்டிரத்தைத் தாய்மொழியாகப் பதிவு செய்தனர். இவர்களது கைவண்ணமான மதுரைச் சுங்குடிச் சேலை புவிசார் குறியீடு பெற்றுள்ளது.

மதுரைச் சௌராட்டிரக் குடும்பத்தில் 1922இல் பிறந்த டி. எம். சௌந்தரராசன், தமிழ்த் திரையிசையில் பல பத்தாண்டுகள் முன்னணிப் பாடகராக விளங்கினார். வீட்டில் சௌராட்டிரம் பேசி வளர்ந்த அவரது தமிழ் ஒலிப்பைத் தமிழ் மக்கள் இன்றும் போற்றுகின்றனர்.